பாசிஸ்ட் என்றால் பரவாயில்லை, பொய்யர் என்றால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் ஒரு பத்திரிகையாளரைப் பாசிசத்தின் சகபயணி என்று எழுதியது அவதூறு இல்லையாம், பொய்யர் என்றது மட்டும் அவதூறாம். பெரிய வசவை விட்டுவிட்டுச் சின்ன வசவைப் பிடிப்பது என்ன நியாயம்?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வது வில்லியம் பக்லி வழக்கு. நேஷனல் ரிவ்யூ பத்திரிகையைத் தொடங்கியவர், பத்தி எழுத்தாளர். அவரைப் பற்றி ஃபிராங்க்ளின் லிட்டல் என்ற வரலாற்றாசிரியர் 1969இல் ஒரு புத்தகத்தில் அப்படி எழுதினார். உங்கள் எரிச்சல் புரிகிறது. பாசிஸ்ட் என்பது பொய்யரைவிடக் கேவலமான பட்டம்தான். கீழ் நீதிமன்றம்கூட அதை அவதூறு என்றே சொன்னது.

1976இல் மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. யார் பாசிஸ்ட் என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்து விளக்கம் வரும். எந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றி நிரூபிப்பது? ஆகவே அது கருத்து என்று விட்டுவிட்டார்கள்.

லிட்டல் மாட்டியது இன்னொரு வரியில். பத்தி எழுத்தாளர் வெஸ்ட்புரூக் பெக்லர் நாள்தோறும் குவென்டின் ரேனால்ட்ஸைப் பற்றிப் பொய் எழுதி வழக்கில் சிக்கினாரே, அதுபோலப் பக்லி மீதும், காசும் நேரமும் உள்ளவர்கள் வழக்குப் போடலாம் என்று எழுதிவிட்டார். பெக்லர் லேசுப்பட்ட ஆள் இல்லை. போர்முனை நிருபரான ரேனால்ட்ஸைக் கோழை என்றார். காதலியோடு பொதுச் சாலையில் அம்மணமாகத் திரிந்தார் என்றார். இறந்த நண்பரை அடக்கம் செய்யப் போகும் வழியிலேயே அவர் மனைவியிடம் கல்யாணப் பேச்சு எடுத்தார் என்றும் எழுதினார். 1954இல் ஜூரி ரேனால்ட்ஸுக்கு நஷ்டஈடாக 1 டாலரும், தண்டத் தொகையாக 1,75,000 டாலரும் கொடுக்கச் சொன்னது.

அந்த ஆளோடு சேர்த்துப் பேசியதும் வசவு தகவலாகிவிட்டது: இவரும் தன் பத்தியில் அவதூறாகப் பொய் எழுதுகிறார். பத்திகளை எடுத்து வைத்துச் சரிபார்த்துவிடலாம். பத்திரிகையாளருக்கோ அது பிழைப்பிலேயே கைவைப்பது.

பக்லி பிரபலம் என்பதால் பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. பொய்யென்று தெரிந்தோ, உண்மையா என்று கவலையே படாமலோ எழுதியதாகவும் காட்ட வேண்டும். 1964இல் சல்லிவன் வழக்கில் வந்த விதி. அதையும் தாண்டினார். கிடைத்தது 1 டாலர் நஷ்டஈடு. 7,500 டாலர் தண்டத் தொகையையும் 1,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். வக்கீல் ஃபீஸுக்கே காணாது!

அப்புறம், இதைப் படித்துவிட்டு ‘என் கருத்தில் அவர் பொய்யர்’ என்று எழுதித் தப்பிக்கலாம் என யாரும் நினைக்க வேண்டாம். அந்த முன்னொட்டு காப்பாற்றாது என்று 1990இல் மில்கோவிச் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.