போரில் இறந்த வீரர்களின் உடல்களை ஏன் சொந்த ஊருக்குக் கொண்டு வராமல் தொலைதூர நாட்டிலேயே புதைத்தார்கள்? அது சரிதானா?

முதல் உலகப்போர், இரண்டாம் உலகப்போர் காலத்துக் கல்லறைத் தோட்டங்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பிரிட்டன் தரப்பில் இறந்தவர்களின் கல்லறைகளைத்தான் கொஞ்சம் ஊன்றிப் படித்திருக்கிறேன், நேரிலும் பார்த்திருக்கிறேன்.

கப்பல் வசதி இல்லை, செலவு அதிகம், ஆட்கள் லட்சக்கணக்கில் இறந்தார்கள் என்பதெல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் முக்கியமான காரணம் வேறு. வசதியும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் ஊர் திரும்பி, மற்றவர்கள் வயல்வெளியில் கிடக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

1915 ஏப்ரலில் பிரான்சில் ஓர் இளம் அதிகாரி கொல்லப்பட்டார். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் அவர். குடும்பத்தின் செல்வாக்கால் அவருடைய உடலைத் தோண்டி எடுத்துச் சொந்த ஊருக்குக் கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். அதே வாரத்தில் அதே பகுதியில் செத்த சாதாரண சிப்பாய்களின் தாய்மார்களுக்கு அந்த வழியே கிடையாது. இதற்குப் பிறகு அதே ஆண்டில் உடல்களை ஊருக்கு எடுத்துப் போவது முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. யாராக இருந்தாலும் சரி, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

இதற்குப் பின்னால் இருந்தவர் ஃபேபியன் வேர். போர் தொடங்கியபோது அவருக்கு 45 வயது, படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் குழு ஒன்றுக்குத் தலைவராகப் பிரான்சுக்குப் போனார். அங்கே பாதையோரங்களில் கிடந்த அவசரப் புதைகுழிகளையும், மழையில் அழிந்துகொண்டிருந்த மரச்சிலுவைப் பெயர்களையும் பார்த்தார். யார் எங்கே கிடக்கிறார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய குழு எழுத ஆரம்பித்தது. அந்த வேலை வளர்ந்து 1917 மே மாதம் பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையமாக ஆனது. 1960இலிருந்து அதற்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர். இன்றைக்கு 150க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 17 லட்சம் பேரின் நினைவை அது பராமரிக்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. முதல் உலகப்போருக்குப் பிறகு, உடல் ஊருக்கு வர வேண்டுமா, அங்கேயே இருக்கட்டுமா என்று குடும்பத்தையே கேட்டார்கள். சுமார் 46,000 உடல்கள் அமெரிக்கா திரும்பின, சுமார் 30,000 ஐரோப்பாவிலேயே தங்கின. ஆக, கொண்டு வரவே முடியாது என்று சொல்வதற்கில்லை.

பிரிட்டனிலும் தாய்மார்கள் சும்மா இருக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி கல், ஒரே உயரம், தளபதிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் இல்லை, தனிப்பட்ட நினைவுச் சின்னம் எழுப்பவும் அனுமதி இல்லை என்று ஆணையம் சொன்னபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தங்கள் பிள்ளைகளின் தலைமாட்டில் கல்லுக்குப் பதிலாகச் சிலுவையாவது வைக்க விடுங்கள் என்று 8,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு இளவரசரிடம் போனது. 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் காரசாரமான விவாதமும் நடந்தது. என் பிள்ளையின் உடல் எனக்குச் சொந்தமா, அரசாங்கத்துக்குச் சொந்தமா என்பதுதான் அடியில் இருந்த கேள்வி. ஆணையத்தின் தரப்பே வென்றது.

அது சரியா என்று கேட்கிறீர்கள். என் பதில், சரி என்பதுதான். தாய்மார்களின் பக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உடலே கிடைக்காதவர்களை நினைத்துப் பாருங்கள். பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்து மெனின் வாயில் என்ற நினைவுச் சின்னத்தில் 54,000க்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. அத்தனை பேரும் எந்தக் குழியில் கிடக்கிறார்கள் என்று தெரியாதவர்கள். பக்கத்திலேயே டைன் காட் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 12,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அதில் 8,300க்கும் மேற்பட்டவர்களின் பெயர் தெரியாது. சிலர் வீட்டுக்கு மட்டும் சவப்பெட்டி வந்திருந்தால், இவர்களுடைய குடும்பங்கள் தெருவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒன்றாகச் சண்டை போட்டவர்களை ஒன்றாகவே படுக்க வைத்ததில் ஒரு மரியாதை இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

குடும்பத்துக்கென்று அவர்கள் விட்டுவைத்த ஒரே இடம், கல்லின் அடிப்பகுதி. அங்கே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துகளுக்குள் முடிக்க வேண்டும். ஆரம்பத்தில் எழுத்துக்கு மூன்றரை பென்னி என்று கணக்கு, பிறகு விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். நியூசிலாந்து அந்த ஒரு வரியையும் ஏற்கவில்லை, அதனால் அந்த நாட்டு வீரர்களின் கற்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால் இந்த வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். அங்கே நிமிர்ந்த கற்கள் கிடையாது. தரையோடு ஒட்டிய சின்னப் பீடங்களில் வெண்கலத் தகடுகள், குனிந்துதான் படிக்க முடியும். நான் வரிசை வரிசையாகக் குனிந்து படித்துக்கொண்டே போனேன். பெயரை விட வயதுதான் என்னை நிறுத்தி வைத்தது. 22, 24, 21. அதற்குக் கீழே அம்மா அப்பா எழுதி அனுப்பிய ஒரு வரி. அந்தப் பெற்றோரில் பெரும்பாலோர் தாய்லாந்தை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள். நேரில் வந்து நிற்க முடியாதவர்கள், வருகிறவர் யாரோ படித்துக்கொள்ளட்டும் என்று அனுப்பிய வரிகள் அவை. அதனால் படிக்காமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

காஞ்சனபுரியில் கிடப்பவர்கள் இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிக்கி, அவர்களுக்காகச் சயாம் (இன்றைய தாய்லாந்து) - பர்மா ரயில் பாதை போட்ட போர்க்கைதிகள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் அடக்கம். இறந்த அமெரிக்கக் கைதிகளை அவர்கள் நாடு எடுத்துப் போய்விட்டது. முகாம்களில் இருந்த கைதிகள் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்பதை உயிரைப் பணயம் வைத்து ரகசியமாகக் குறித்து வைத்திருந்தார்கள். போர் முடிந்தவுடன், 1945 செப்டம்பரில் ஒரு குழு ரயில் பாதை நெடுகத் தேடிப் போனது. 144 இடங்களில் இருந்த சுமார் 10,500 குழிகளில் 52 தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள். காட்டுக்குள் இது சாதாரண வேலை இல்லை.

அதே பாதையில் செத்த தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கொண்டு போகப்பட்ட தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000க்கு மேல் என்றால், தொழிலாளிகளில் இறந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. பெரும்பாலான மதிப்பீடுகள் 80,000க்கு மேல் என்கின்றன. காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். அவர்கள் படைவீரர்கள் அல்ல என்பதால் எந்த ஆணையத்தின் பொறுப்பிலும் வரவில்லை. அந்த வெண்கலத் தகடுகளின் வரிசைகளுக்கு நடுவே நிற்கும்போது எனக்கு வந்த கோபம் அந்த வீரர்கள் மேல் இல்லை. எழுதி வைக்க ஓர் ஆள் இல்லாமல் போன நம்மவர்களை நினைத்துத்தான்.

படைவீரர்களிலேயே கூட எல்லாரையும் சமமாக வைத்தோம் என்ற பேச்சு முழு உண்மை இல்லை. பிரான்சில் நவ் ஷப்பெலில் 1927இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டாம் போருக்கு வந்தால், நாகாலாந்தின் கோஹிமாவில் 1,420 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கேயே தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கும் பெயருடன் தனி நினைவிடம் உண்டு. இதெல்லாம் நன்றாகச் செய்தவை. ஆனால் ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியப் படையினரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகப் பொறித்துவிட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமை தூக்கிய ஆயிரக்கணக்கானோருக்கு அதுவும் இல்லை. 2021இல் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. அது போக, குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அவர்களுக்கு எந்த நினைவுமே வைக்கப்படாமலும் இருந்திருக்கலாம். இந்த எண்ணிக்கை மூன்றரை லட்சம் வரைகூட இருக்கலாம் என்கிறது அறிக்கை.

ஆகவே என் கருத்து இதுதான்: ஊருக்குக் கொண்டு வராதது அநியாயம் இல்லை. எல்லாரும் சமம் என்று சொல்லி அந்த முடிவை எடுத்துவிட்டு, சிலரைப் பெயர் இல்லாமல் விட்டதுதான் அநியாயம்.

காலமும் மாறியிருக்கிறது. 1982இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் குடும்பங்களுக்கு, விரும்பினால் உடலை ஊருக்குக் கொண்டு வரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். பெரும்பாலோர் அப்படியே செய்தார்கள், சிலர் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். பிரான்சில் ஃப்ரோமெல் என்ற ஊரில் 1916இல் இறந்து, கூட்டாகப் புதைக்கப்பட்டிருந்த 250 வீரர்களை 2009இல் எடுத்து, மரபணுச் சோதனை செய்து, பலருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களும் ஊருக்குப் போகவில்லை. பக்கத்திலேயே புதிதாக ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்து, தனித்தனியாக அடக்கம் செய்தார்கள்.

உங்கள் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா யாராவது பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்ற பேச்சு இருந்தால், ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை ஒரே விதமாகத் தேடாதீர்கள். முத்துசாமி, முனுசாமி என்பதையெல்லாம் அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் போட்டுப் பாருங்கள். இந்திய வீரர்கள் பலரின் பதிவில் அப்பா பெயர், கிராமம், மாவட்டம் வரை இருக்கும். மாவட்டம் அன்றைய பெயரில் இருக்கும், வட ஆற்காடு என்பது போல. படைப்பிரிவு தெரிந்தால் இன்னும் சுலபம். உதாரணமாக, பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆவது காலாட்படைப் பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. அப்படி இருந்தால் ஐரோப்பாவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயரே பட்டியலில் இல்லை, ஆனால் படையில் இருந்து இறந்ததற்கு உங்களிடம் சான்று இருக்கிறது என்றால் ஆணையத்துக்கு அனுப்புங்கள். சரிபார்த்துச் சேர்க்கும் நடைமுறை இப்போதும் இருக்கிறது.