வஜ்ரா வண்டி யார் கணக்குல? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என் பையன் கலிஃபோர்னியால இருக்கான். அங்க போலீஸ் எத்தனை ட்ரோன் வெச்சிருக்கு, எத்தனை கண்ணீர்ப்புகை குண்டு வெச்சிருக்குன்னு வருஷா வருஷம் லிஸ்ட் போட்டு, கூட்டம் கூட்டி ஜனங்க கேள்விக்கு பதில் சொல்லணுமாம். நெஜமா, இல்ல ரீல் விடறானா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ரீல் இல்லக்கா, பையன் சரியாத்தான் சொல்றான். அங்க 2021-ல ஏபி 481-ன்னு ஒரு சட்டம் போட்டாங்க. கவச வண்டி, ட்ரோன், கண்ணீர்ப்புகை, காதைப் பொளக்கற சத்தம் போடற மிஷின், இப்படி ஒரு பட்டியலே இருக்கு, அதுல எதை வாங்கணும்னாலும் ஊர் கவுன்சில்ல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். எதுக்கு வேணும், என்ன விலை, எப்ப எடுப்போம் எப்ப எடுக்க மாட்டோம், எல்லாம் எழுத்துல குடுக்கணும். அப்புறம் வருஷா வருஷம் ரிப்போர்ட். எத்தனை தடவை எடுத்தோம், என்ன புகார் வந்துச்சு, அடுத்த வருஷம் என்ன வாங்கப் போறோம்னு. ரிப்போர்ட் போட்ட 30 நாளுக்குள்ள பொதுக்கூட்டம், யார் வேணா வந்து கேக்கலாம்.

இதுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. அமெரிக்கால 1033-ன்னு ஒரு திட்டம், 1990-கள்லேர்ந்து ஓடுது, மிலிட்டரில மிச்சமான சாமான உள்ளூர் போலீஸுக்கு கிட்டத்தட்ட ஓசில தூக்கி குடுத்துடுவாங்க. ஓசின்னா யாருக்குக் கசக்கும், ஈராக்ல கண்ணிவெடிக்கு தாங்கற மாதிரி செஞ்ச வண்டிய காலேஜ் இருக்கற சின்ன ஊரு போலீஸ் எல்லாம் வாங்கி ஷெட்ல நிறுத்திக்கிச்சு. 2014-ல ஃபெர்குசன்ங்கற ஊர்ல போராட்டக்காரங்க மேல அந்த மாதிரி வண்டி, ஸ்னைப்பர் துப்பாக்கியெல்லாம் நீட்டினத டிவில பாத்துதான் ஊரே முழிச்சிக்கிச்சு. அதே மாசம் கலிஃபோர்னியால டேவிஸ்ங்கற ஊரு கவுன்சில், எங்களுக்கு இந்த வண்டி வேணாம், திருப்பி அனுப்புங்கன்னு ஓட்டுப் போட்டுச்சு. ஒபாமா 2015-ல கொஞ்சம் கட்டுப்பாடு போட்டாரு, ட்ரம்ப் 2017-ல எடுத்துட்டாரு, பைடன் 2022-ல மறுபடி போட்டாரு, 2025-ல அதுவும் போச்சு. மேல இருக்கறவர் மாறினா விதியும் மாறுதுங்கறதாலதான் சட்டமா எழுதி வெச்சது முக்கியம்.

இன்னொண்ணு, இது சிரிக்கறதா அழறதான்னு தெரியல. 2017-ல அந்த நாட்டு தணிக்கைக்காரங்களே இல்லாத ஒரு போலீஸ் ஆபீஸை பேப்பர்ல உருவாக்கி விண்ணப்பம் போட்டாங்க. சுமார் 12 லட்சம் டாலர் சாமான், இருட்டுல பாக்கற கண்ணாடி உட்பட, கைக்கு வந்துடுச்சு!

கேள்வி: அண்ணே, நம்ம போலீஸ்கிட்ட மிலிட்டரி ஐட்டம் எல்லாம் இருக்கா என்ன? லத்திதானே பாத்திருக்கேன்.
– கல்லூரி மாணவர், வில்லியனூர்

பதில்: தம்பி, புதுச்சேரி பீச் ரோட்டுல குடியரசு தின அணிவகுப்பு பாத்ததில்லையா? டாங்கி இல்லதான். ஆனா எஸ்எல்ஆர் ரைஃபிள் ஒரு காலத்துல ராணுவத்தோட துப்பாக்கி, ராணுவம் இன்சாஸ்ங்கற ரைஃபிளுக்கு மாறினப்புறம் போலீஸ் கையில தங்கிடுச்சு. கலவரத்துக்குன்னு வஜ்ரா வண்டி, தண்ணி பீய்ச்ச வருண் வண்டி. 2024 பிப்ரவரில ஹரியானா போலீஸ் விவசாயிங்க மேல ட்ரோன்லேர்ந்து கண்ணீர்ப்புகை குண்டு போட்டாங்க, அதையும் கணக்குல வெச்சிக்க.

கண்ணீர்ப்புகைன்னதும் ஒரு விஷயம். 1993 ரசாயன ஆயுத ஒப்பந்தப்படி அதை போர்ல எதிரி ராணுவத்து மேல போடக் கூடாது. சொந்த ஜனத்தைக் கலைக்க போலீஸ் போடலாம். எனக்கு இது முதல்ல தெரிஞ்சப்ப ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன்.

கேள்வி: சுடச் சொல்லி யார் உத்தரவு போடலாம்? தப்பாச் சுட்டா கேக்க ஆள் இருக்கா? 2023-ல எங்க ஊர்ல என்எல்சி போராட்டத்துல நடந்ததப் பாத்துட்டு கேக்கறேன்.
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: கலெக்டர்தான் சொல்லணும்னு நெறைய பேர் நெனைச்சிட்டிருக்காங்க. இப்ப இருக்கற குற்ற நடைமுறைச் சட்டம், பிஎன்எஸ்எஸ், அதோட 148-வது பிரிவுப்படி நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டோ, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதப்ப எஸ்ஐ அந்தஸ்துல இருக்கறவரோ கலைஞ்சு போன்னு உத்தரவு போடலாம், கலையலன்னா பலத்தை உபயோகிக்கலாம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத்துல 2018 மே 22-ல சுட உத்தரவு குடுத்ததா பேப்பர்ல இருந்தது துணை தாசில்தாருங்க. 13 பேர் செத்தாங்க. அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரிச்சு 17 போலீஸ்காரங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லிச்சு, அந்த ரிப்போர்ட் சட்டசபைக்கு வந்ததே 2022 அக்டோபர்ல.

அப்ப கேக்க ஆள்? 2006-ல பிரகாஷ் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு மாநிலத்துலயும் ரிட்டையர்ட் ஜட்ஜ் தலைமைல போலீஸ் புகார் ஆணையம் வைக்கச் சொல்லிச்சு. தமிழ்நாடு 2013-ல சட்டம் போட்டு தலைவரா உள்துறை செயலாளரையே உக்கார வெச்சிச்சு. புகார் யார் மேல, விசாரிக்கறது யாருன்னு நீங்களே யோசிங்க. புதுச்சேரிலயும் ஆணையம் இருக்கு. ஆனா இதெல்லாம் சம்பவம் நடந்தப்புறம் வேலை செய்யறது சார், வாங்கறதுக்கு முன்னாடி யாரும் நம்மள கேக்கறதில்ல.

இத்தனைக்கும் டிபார்ட்மென்ட்டுக்குள்ள கணக்கு படு கறார். என் சித்தப்பா ஆயுதப்படைல இருந்தவரு. ஒரு தடவை சுடற பயிற்சி முடிஞ்சு காலி தோட்டா எண்ணினா ஒண்ணு கொறையுது, ஒரே ஒரு பித்தளைக் கூடு, அதுக்காக மத்தியானம் சாப்பாடு இல்லாம பதினஞ்சு பேரு வெயில்ல மண்டி போட்டு மணல சலிச்சாங்களாம். கெடைச்சப்புறம்தான் வண்டி ஏறினாங்களாம். யார் எத்தனை ரவுண்டு வாங்கினான், எத்தனை திருப்பிக் குடுத்தான், எல்லாம் ரிஜிஸ்டர்ல இருக்கு. புதுசா யாரும் எதுவும் எழுத வேணாம், எழுதினதுல ரகசியம் இல்லாத பக்கத்தை ஜனத்துகிட்ட காட்டினாப் போதும்.

கேள்வி: ஆர்டிஐ போட்டா பாதுகாப்பு காரணம்னு தட்டிக் கழிக்கறாங்களே?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: கேக்கற விதம் இருக்கு. "எங்க நிறுத்தி வெச்சிருக்கீங்க, எந்த பந்தோபஸ்துக்கு போகும்"னு கேட்டா ஆர்டிஐ சட்டத்தோட 8-வது பிரிவை, அதான் எதைச் சொல்ல வேணாம்னு இருக்கற பிரிவை, காட்டி திருப்பிடுவாங்க. மொத்தம் எத்தனை, எந்த வருஷம் வாங்கினது, விலை என்ன, காசு மாநிலத்தோடதா இல்ல மத்திய அரசோட போலீஸ் நவீனமயமாக்கல் திட்டத்தோடதா, காலாவதியான குண்டு எத்தனை, உபயோகிக்கற விதி நகல் குடுங்க, இப்படிக் கேளுங்க. 10 ரூபா கட்டணம், 30 நாள். கொஞ்சம் ரகசியம்னாலும் மிச்சத்தைப் பிரிச்சுக் குடுக்கணும்னு 10-வது பிரிவே சொல்லுது, அந்த வரிய மனுவுலயே எழுதிடுங்க.

அதுக்கு முன்னாடி காசு செலவில்லாம ஒண்ணு: மானியக் கோரிக்கை அப்ப சட்டசபைல வைக்கற காவல்துறை கொள்கை விளக்கக் குறிப்பு நெட்லயே இருக்கு, வாங்கின வண்டி விவரம் அதுல வரும். அரசு செலவைத் தணிக்கை பண்ற சிஏஜி ரிப்போர்ட்டும் பாருங்க. உங்க எம்எல்ஏவை கல்யாண வீட்டுல பாத்தா இதுல ஒரு கேள்விய கையில குடுங்க, ரோடு போடச் சொல்றதோட சேத்து.

கேள்வி: போலீஸ் ஆயுதக் கண்காட்சிக்கு குழந்தைங்கள கூட்டிட்டுப் போலாமா? பயந்துக்குமா?
– ஒரு வாசகி, அரியாங்குப்பம்

பதில்: தாராளமா போங்க. நான் என் அண்ணன் பொண்ணை ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன், எட்டு வயசு. வஜ்ரா வண்டி ஜன்னல் கம்பி வலைக்குள்ள வெரலை விட்டுப் பாத்துட்டு, பக்கத்துல நின்ன கான்ஸ்டபிள்கிட்ட "மாமா, இது எவ்ளோ ரூபா?"ன்னு கேட்டா. அவரு தொப்பியக் கழட்டி தலையச் சொறிஞ்சிகிட்டு சிரிச்சாரு. "அது எனக்கே தெரியாதும்மா."