பனி கொட்டி வானம் தெளிந்ததும் காஷ்மீரின் குல்மார்கில் குறித்த பாதையை விட்டு ஸ்கீ (பனிச்சறுக்கு) போகலாமா?

மன்னார்குடியிலிருந்து நண்பர்கள் நாலு பேர் ஜனவரியில் போகிறோம், ஸ்கீ ஓரளவு பழகிவிட்டது, பனி ஓய்ந்த மறுநாள் வெயிலில் இறங்கலாமா, ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மறுநாள்தான் வேண்டாம், தம்பி; பனிச்சரிவு ஆபத்து இருக்கும். ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரில் இரண்டு குளிர்காலம் பனியில் நடந்தவன் நான். இப்போது திருக்காட்டுப்பள்ளியில் விவசாயம்.

நமக்குத் தெரிந்த கணக்குதான். தஞ்சாவூரில் வெயில் கொளுத்தும், கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகும். குடகில் பெய்து, மேட்டூர் நிரம்பி வந்த தண்ணீர் அது. மலையிலும் தலைக்கு மேலே உள்ள வானத்தைப் பார்த்துப் பயனில்லை. முந்தின வாரங்களில் என்ன விழுந்தது, காற்று அதை எந்தப் பக்கம் குவித்தது என்று பார்க்க வேண்டும்.

பனிச்சரிவு என்றதும் களத்தில் நெல் அம்பாரம் சரிவதை நினைத்துக்கொள்வோம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அது இல்லை. கோடையில் ஆறு வற்றியதும் மணல்மேல் வண்டல் ஏடாகக் காய்ந்து கிடக்குமே, கால் வைத்தால் விரிசல் ஓடுமே, அதுதான். அடியில் சீனி மாதிரி ஒட்டாத பழைய பனி; மேலே காற்று இறுக்கிய புதுப்பனி, பலகை போல. ஆள் ஏறியதும் அடிப்படலம் நொறுங்கி, பலகை மொத்தமாக வழுக்கிவிடும். பெரும்பாலும் அதைக் கிளப்பியது சிக்கியவரோ, கூட வந்தவரோதான்.

ஒருநாள் காலை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம், காலியான நெல் குதிரில் தட்டினாற்போல. எனக்கு முன்னால் பனியில் மயிரிழைக் கோடு ஒன்று இருபது அடிக்கு ஓடியது. சுபேதார் கையைத் தூக்கினார். யாரும் பேசவில்லை. வந்த தடத்திலேயே ஒவ்வொருவராகத் திரும்பினோம். அடிப்படலம் நொறுங்கும் அந்தச் சத்தம் கேட்டால் நீங்களும் திரும்பிவிடுங்கள்.

30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகள்தான் அதிகம் உடைபவை. நம் வீட்டு மாடிப்படியே 30-க்கு மேல் இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட சரிவின் அடிவாரத்தில் நின்று போட்டோ எடுப்பதும் ஆபத்து. குல்மார்கில் கோண்டோலா (கேபிள் கார்) ஏறிப்போகும் அபர்வத் மலையில் 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

ஸ்னோமொபைலில் இன்ஜின் இரைச்சல் அந்த 'தொம்'மைக் கேட்கவிடாது. சமதளத்தில் ஓட்டுங்கள். ஒரு வண்டி சரிவில் மாட்டினால், உதவிக்கென்று இரண்டாவது வண்டியை மேலே ஏற்றாதீர்கள்.

புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பாதிப்பேர்கூட இல்லை. வெளியாள் வரும்வரை தாங்காது, கூட இருக்கும் மூன்று பேர்தான் தோண்ட வேண்டும். ஆளுக்கொரு பீக்கன் (புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), துழாவுகம்பி, மண்வாரி இல்லாமல் கிளம்பாதீர்கள். போன முதல் நாளே ஒரு பீக்கனை ஒரு பையில் போட்டுப் பனியில் புதைத்து, தேடிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் எடுக்க முடியவில்லையென்றால், கோண்டோலாவில் அபர்வத் மேலே ஏறும் இரண்டாம் கட்டத்துக்கு அந்த முறை டிக்கெட் எடுக்க வேண்டாம்.