வாத்து ஊதல் கடைய என்னென்ன வாங்க வேண்டும்? கேள்வி-பதில்

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் வாயில் வைத்து ஊதும் கருவியை அங்கே ‘டக் கால்’ என்பார்கள். நாம் வாத்து ஊதல் என்றே சொல்லலாம். பல நிற மரங்களை அடுக்கி ஒட்டி, லேத்தில் கடைந்து இதைச் செய்கிறவர்கள் ஏராளம். அதற்கான கருவி, மரம், பசை வாங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. பாகங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். வாய் வைக்கும் பக்கம் வெளிக்குழல். அதற்குள் செருகுவது உட்குழல். உட்குழலின் உள்முனையில் டோன் போர்டு என்ற வளைவான மேடையும், அதன் மேல் ஊதும்போது அதிரும் மெல்லிய பிளாஸ்டிக் ரீடும், ரீடை இறுக்கும் கார்க் ஆப்பும் இருக்கும்.

பேனா கடைவதற்கென்று விற்கும் சின்ன லேத் போதுமா? பழையது ஒன்று மலிவாக வருகிறது. (ஹூஸ்டன் வாசகர்)

இடத்துக்குக் குறைவு வராது. முடிந்த வெளிக்குழல் மூன்றேகால் அங்குலம்தான். பார்க்க வேண்டியது ஹெட்ஸ்டாக் (கட்டையைச் சுழற்றும் தலைப்பகுதி) மரையையும் டெயில்ஸ்டாக் (எதிர்முனையில் நகரும் தாங்கி) டேப்பரையும் (கூம்புத் துளையையும்). 1 அங்குலம்-8 மரையும் (1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 புரி) எம்டி2 டேப்பரும் (மோர்ஸ் டேப்பர் 2ஆம் எண்) இருந்தால் கடையில் கிடைக்கும் சக் (கட்டையைக் கவ்வும் தாடை), மாண்ட்ரல் (துளைக்குள் செருகிக் குழலைப் பிடிக்கும் தண்டு) எல்லாம் அப்படியே பொருந்தும். மிகச் சிறிய லேத்களில் மரை வேறாகவோ, டேப்பர் எம்டி1 ஆகவோ இருக்கும். அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அடாப்டர் தேட வேண்டிவரும்.

பழையது என்றால், பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் கூர்முனை சென்டர்களை மாட்டி, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி முனையோடு முனை சேருகிறதா பாருங்கள். அரை மில்லிமீட்டர் விலகினாலும் துளையின் வாய் அகன்றுவிடும். ஊதலில் அந்த அகலம்தான் காற்றுக் கசிவு. பெயின்ட் உதிர்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். முனை சேராத லேத்தை மட்டும் வாங்காதீர்கள்.

கையில் உள்ள பணத்தை நாலு தாடை சக், டெயில்ஸ்டாக்கில் மாட்டும் டிரில் சக், 5/8 அங்குல பிராட் பாயின்ட் பிட் (நடுவில் கூர்முனை உள்ள மரத் துளைப்பான்), அதே அளவுக்கான விரியும் மாண்ட்ரல் என்ற வரிசையில் செலவழியுங்கள். அழகான மரம் கடைசியில் வரட்டும்.

வண்ண அடுக்குக் கட்டைகளை ஆயத்தமாகவே விற்கிறார்கள். அதை வாங்குவதா, நாமே ஒட்டுவதா? (டென்னசி வாசகர்)

இரண்டும் வேறு வேறு பொருள். ஆயத்தக் கட்டைகள் சாயம் ஏற்றிய பிர்ச் மரத் தகடுகளை அடுக்கியவை. ரெசின் உள்ளே ஊறிய வகை கனமாக, கடினமாக இருக்கும். உளியைச் சீக்கிரம் மழுக்கும். ஆனால் பூச்சே இல்லாமல் பஃப் செய்தாலே (துணிச் சக்கரத்தில் தேய்த்தாலே) பளபளக்கும். ‘டைமண்ட்வுட்’ என்று பெயர் பெற்றது அந்த வகை. அதைச் செய்த வெர்மான்ட் ரட்லண்ட் ஆலை 2014 ஆகஸ்டில் எரிந்துபோனது. இன்று அந்தப் பெயரில் கூடுதல் விலை சொன்னால், பழைய சரக்கின் அருமைக்காகக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். அதனால் ஓசை கூடிவிடாது. ‘ஸ்பெக்ட்ராப்ளை’ போன்ற வகை சற்று மென்மை. கடைய எளிது, ஆனால் பூச்சு கட்டாயம்.

நீங்களே ஒட்டினால் பட்டைகள் எங்கே விழ வேண்டும் என்பது உங்கள் கையில். எங்கள் விருப்பம் இதுவே. 38 மி.மீ. சதுரக் கட்டைக்கு 7, 2, 20, 2, 7 மி.மீ. என்று ஐந்து அடுக்கு வையுங்கள். நடு அடுக்கு 20 மி.மீ. இருப்பதற்குக் காரணம் உண்டு. துளை கிட்டத்தட்ட 16 மி.மீ. என்பதால் அது முழுக்க ஒரே மரத்துக்குள் அடங்கும், பசைக் கோடு துளையைத் தொடாது. இரட்டைப்படை அடுக்கு வைத்தால் பசைக் கோடு சரியாக நடுவில் விழும். ஒரு பக்கம் மேப்பிள், மறு பக்கம் வால்நட் என்றால் பிட் மென்மையான பக்கம் சரியும்.

வெளிவிட்டம் 32 மி.மீ. உள்ள இடத்தில் வெளி அடுக்கு தெரியும். இடுப்பை 22 மி.மீ.க்கு ஒடுக்கும்போது அது மறைந்து, 2 மி.மீ. தகடு நீள்வட்டமாக விரிந்து வரும். அங்கே சுவர் 3 மி.மீ.தான் மிஞ்சும் என்பதால் அதற்குமேல் ஒடுக்கக் கூடாது. எல்லா அடுக்கிலும் மர ரேகை ஒரே திசையில், குழலின் நீளவாக்கில் ஓடட்டும். ஓர் அடுக்கைக் குறுக்காக வைத்தால், ஈரம் ஏறி இறங்கும்போது அந்த அடுக்கு வேறு திசையில் விரியும், ஒட்டு விடும்.

ஓர் ஊதலுக்கு 7 அங்குலக் கட்டை போதும். ஆனால் 14 அங்குலமாக ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் துளை பிசகினால் கைவசம் இன்னொன்று இருக்கும்.

ஒட்டிய கட்டை துளை போடும்போதே பிளந்தது. பசை மட்டமா? (மிச்சிகன் வாசகர்)

பசையைக் குறை சொல்வதற்கு முன் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

ஒட்டிய நாளில் கராஜ் எவ்வளவு குளிர்? அமெரிக்க மரப் பசையான டைட்பாண்ட் 3 சுமார் 8 டிகிரி செல்சியஸுக்கு மேலே, டைட்பாண்ட் 2 சுமார் 13 டிகிரிக்கு மேலே இருந்தால்தான் சரியாகப் பிடிக்கும். அதற்குக் கீழே காய்ந்த பசை சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகி வலுவிழக்கும். பிளந்த இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் காரணம் இதுதான். பசையை மட்டும் வீட்டுக்குள் வைத்தால் போதாது, மரமும் அதே சூட்டில் இருக்க வேண்டும்.

கிளாம்பை எப்போது கழற்றினீர்கள்? அரை மணியில் கழற்றலாம். ஆனால் லேத்தில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் விடுங்கள்.

எந்த மரம்? கோகோபோலோ, ரோஸ்வுட் போன்றவற்றில் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, ஆவியானதும் பசை தடவுங்கள், அல்லது எபாக்ஸிக்கு (இரண்டு பாகம் கலந்து ஒட்டும் பசை) மாறுங்கள்.

நான்காவதுதான் பெரும்பாலோர் கவனிக்காதது: சூடு. மரப் பசை சூட்டில் இளகும். 500 சுற்று வேகத்துக்கு மேல் போகாமல், அரை அங்குலத்துக்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டிவிட்டுத் தொடர வேண்டும். இழுக்கும்போது டிரில் சக்கை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், டேப்பர் கழன்று வரலாம். புகை வந்தால் பிட் மழுங்கிவிட்டது என்று பொருள். மறுமுனையில் சில்லு பெயராமலிருக்க, கட்டையைக் கால் அங்குலம் கூடுதலாக விட்டு, பிட் வெளியே வருவதற்கு முன் நிறுத்தி, மிச்சத்தை அறுத்து எடுங்கள்.

துளை நன்றாக வந்தும் கடையும்போது பிளந்தால், மாண்ட்ரலை அளவுக்கு மீறி விரித்திருக்கிறீர்கள். குழல் கையால் சுழலாத அளவுக்கு இறுகினால் போதும்.

கோவையில் 16 மி.மீ. பிட்தான் கைவசம். அமெரிக்காவில் உள்ள உறவினருக்குச் செய்து அனுப்ப எண்ணம். ஈட்டி மரம் சரிவருமா? (கோவை வாசகர்)

5/8 அங்குலம் என்பது 15.875 மி.மீ. உங்கள் பிட் 0.125 மி.மீ. பெரிது. உட்குழலையும் நீங்களே கடைந்தால் துளைக்குத் தக்கபடி அதைக் கடைந்துகொள்ளலாம். அமெரிக்க உட்குழலை வரவழைத்துச் செருகப்போகிறீர்கள் என்றால் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உள்ளதாகப் பாருங்கள். இல்லையென்றால் ஆடும், காற்று கசியும். மாண்ட்ரல் வாங்கும்போது அதே அளவு பிட்டையும் சேர்த்து வாங்குவது நல்லது. பசைக்கு ஃபெவிகால் மரைன் எடுங்கள். மூச்சு ஈரம் படும் பொருளுக்குச் சாதாரண ஃபெவிகால் போதாது.

ஈட்டி வேண்டாம். அது டால்பெர்ஜியா பேரினம். 2017 ஜனவரி முதல் அந்த இனங்கள் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், கட்டையாக வெளிநாடு அனுப்ப அனுமதிச் சீட்டு கேட்பார்கள். நன்கு காய்ந்த தேக்கோ வேம்போ கடைந்து பழகுங்கள். தேக்கிலும் எண்ணெய் உண்டு, ஒட்டுமுன் அசிட்டோன் அங்கேயும் வேண்டும். இன்னொன்று: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வாத்து வேட்டை குற்றம். செய்து முடித்த ஊதலை வீட்டில் ஊதிப் பாருங்கள். வேடந்தாங்கல் பக்கம் எடுத்துப்போக வேண்டாம்.

டோன் போர்டு உள்ள உட்குழலை வாங்குவதா, வெட்டுவதா? (ஆர்கன்சா வாசகர்)

முதல் மூன்று ஊதலுக்கு வாங்குங்கள். ஓசை டோன் போர்டின் வளைவிலும் ரீடிலும்தான் பிறக்கிறது. வெளிக்குழல் சரியாக வந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள, சரியாக ஒலிக்கும் உட்குழல் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஜிக் (வெட்டுக்கு வழிகாட்டும் அச்சு) வாங்கி நீங்களே வெட்டலாம்.

ரீட் மைலார் என்ற பிளாஸ்டிக் தகடு. 0.010, 0.014 அங்குலத் தடிமன்களில் கிடைக்கும். நீளமாக விட்டால் தாழ்ந்த சுருதி, வெட்ட வெட்ட ஏறும். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள், வெட்டியதை ஒட்ட வழியில்லை. ஒற்றை ரீடுக்கு மூச்சுப் பழக்கம் வேண்டும். இரட்டை ரீட் புதியவருக்கு எளிது.

மேப்பிள் அடுக்கு சிவந்துவிட்டது. கடைசிப் பூச்சுக்கு எதை வாங்கலாம்? (ஜார்ஜியா வாசகர்)

படாக் போன்ற சிவப்பு மரத்தின் தூள் உப்புத்தாளோடு மேப்பிள் ரேகைக்குள் ஏறியிருக்கிறது. உளியாலேயே முடிந்தவரை வழவழப்பாக்கி, உப்புத்தாள் போடுமுன் நீர்த்த ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் காற்றால் தூளை ஊதுங்கள். ஏறிய சிவப்பை மெல்லிய ஒரு சீவலில்தான் எடுக்க முடியும். தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

பூச்சுக்குத் துடைத்துப் பூசும் பாலியூரிதேன் போதும். மெல்லியதாக நாலைந்து தடவை பூசுங்கள். துளையின் உள்ளேயும் பூச வேண்டும். வெறும் மரமாக விட்டால் மூச்சு ஈரம் குடித்து உப்பி, உட்குழல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பூச்சு துளையைச் சற்று ஒடுக்கும் என்பதால், உட்குழலின் செருகு முனையைக் கடைசி அளவுக்குக் கொண்டுவருவதைப் பூச்சு காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உதடு படும் முனையில் கோகோபோலோ வராதபடி அடுக்கை அமையுங்கள். அது சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். மேப்பிள், செர்ரி அந்த இடத்துக்கு நல்லவை.