எவர்சில்வர் பாத்திரத்தில் முகம் தெரிகிறதா?

கல்லூரி ப்ராஜெக்டுக்காக அடுக்களைப் பொருட்களைப் போனில் எடுத்தால், எவர்சில்வர் குடத்தில் உங்கள் முகமும் டியூப்லைட்டும்தான் விழுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். குடத்தை ஜன்னல் ஓரம் வைத்து, ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். பளபளப்பான பொருளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் எதிரே இருப்பதைத்தான். எதிரே வேட்டி இருந்தால் குடத்தில் மென்மையான வெள்ளைப் பட்டை விழும். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நாலடி தள்ளி நின்று, போனில் 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். கிட்டப் போனால் குடத்தின் வாய் பூதாகரமாகிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

அப்புறம், ப்ராஜெக்டுக்குப் பத்துப் படம் வேண்டும் என்பதற்காகப் பத்துப் பொருள் தேட வேண்டாமே. அந்த ஒரு குடமே போதும்: நசுங்கிய இடுப்பு, பெயர் வெட்டிய விளிம்பு, அடியில் படிந்த உப்புக்கறை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. அதற்கு முன் எத்தனையோ மிளகாய்களை எடுத்துப் பார்த்துவிட்டார் மனிதர்.

தயவுசெய்து குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கறையும் வேண்டும்.