ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் எனக்கு விடிகிறது

கேள்வி: வயது 34. பைபோலார் (மனநிலை மிகையாக ஏறுவதும் சோர்ந்து இறங்குவதுமாக மாறும் நோய்) இருக்கிறது, அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். சில மாதங்களாகக் காலை பத்தரைக்கு முன் எழ முடியவில்லை. பல் தேய்ப்பதே மலைப்பாக இருக்கிறது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் தெளிந்து, பாக்கி வேலையெல்லாம் முடித்துப் படுக்க 2 மணி ஆகிறது. மாமியார் சோம்பேறி என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, கோவை

பதில்: சோம்பேறி யாரும் நள்ளிரவில் பாக்கி வேலையை முடிப்பதில்லை. பைபோலார் உள்ள பலருக்கு உடல் கடிகாரம் பின்தங்கியே ஓடும். சோர்வுக் கட்டத்தில் காலை கனத்தும் மாலை லேசாகியும் இருப்பது அடிக்கடி காண்பதுதான். அந்த ராத்திரித் தெம்பை முழுக்கச் செலவழிப்பதில்தான் சிக்கல். வெளிச்சமும் வேலையும் கடிகாரத்தை மேலும் பின்னுக்குத் தள்ளும். தூக்கம் குறைந்தால் மேனியாவும், அதாவது மனநிலை மிகையாக ஏறும் கட்டமும், கிளம்பலாம்.

தூக்கத்தை அதட்டி வரவழைக்க முடியாது. அதனால் எழும் நேரத்தைப் பிடியுங்கள். முதலில் 10.15, நாலைந்து நாள் அதிலேயே நின்றுவிட்டு 10 மணி. ஞாயிறும் அதே நேரம். ‘ஒரு ராத்திரி கண்விழித்துச் சரிசெய்கிறேன்’ என்பது வேண்டவே வேண்டாம், சிவராத்திரியானாலும். குறித்த நேரத்துக்குத் திரையை விலக்கி, காபி கொடுத்து இரண்டு வார்த்தை பேசும்படி மாமியாரையே கேளுங்கள். திட்டுவதைவிட அது உதவும்.

ஒன்பது மணிக்கு ட்யூப்லைட்டை அணைத்துச் சின்ன மஞ்சள் விளக்கு போடுங்கள். போன் வேறு அறையில். மனதில் முளைக்கும் வேலைகளைத் தாளில் எழுதி மறுநாள் மாலை 4 மணிக்குத் தள்ளுங்கள். காலையில் கண்முன் வைக்கும் வெளிச்சப் பெட்டியை நீங்களாக வாங்காதீர்கள். பைபோலாரில் அது சிலருக்கு மனநிலையைத் தாறுமாறாக்கும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எல்லன் ஃபிராங்க் குழுவினர் உருவாக்கிய சிகிச்சையில் தினமும் ஐந்து நேரங்களைக் குறிப்பார்கள்: எழுந்தது, முதலில் ஒருவரோடு பேசியது, வேலை தொடங்கியது, ராத்திரிச் சாப்பாடு, படுத்தது. வழக்கமான நேரத்துக்கு 45 நிமிடம் முன்பின் இருந்தால் சரி. அதோடு காலை 10-க்கும் இரவு 8-க்கும் மனநிலைக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை மதிப்பெண் போடுங்கள். மாலை கிளினிக்கில் டாக்டர் பார்ப்பது உங்களுடைய நல்ல நேரத்தை மட்டும்தான். காலை எப்படி என்று இந்தத் தாள்தான் சொல்லும்.

லித்தியம் அளவுக்கான ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு விழுங்கிவிட்டுக் காலை 9-க்கு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், டோஸைத் தேவையில்லாமல் குறைக்க நேரும். தூங்கும் நேரம் மாறினாலும் மாத்திரை நேரம் மாறக்கூடாது. காலை மந்தத்துக்கு வேறு ராத்திரி மாத்திரை ஏதும் காரணமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தொடர்ந்து இரண்டு ராத்திரி நாலைந்து மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லையென்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் டாக்டரை அழையுங்கள். சாக வேண்டும் என்று தோன்றினால் உடனே வீட்டில் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இயங்குகிறது.