தோற்றுக்கொண்டே இருக்கும் சென்னையின் எஃப்சிக்காக ஸ்டேடியம் போவது விசுவாசமா, வீம்பா?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றையும் சேர்த்திருந்தார்: பாதி காலியாகக் கிடக்கும் நேரு ஸ்டேடியத்தில் போய் உட்கார்ந்து தோல்வியைப் பார்ப்பதற்கு, வீட்டில் டிவியிலேயே பார்க்கலாமே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தோற்ற மேட்ச் முடிந்து பெரியமேட்டிலிருந்து சென்ட்ரலுக்கு நடக்கும்போது, ‘இனிமே வந்தா என்னை ஏன்னு கேளு’ என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அடுத்த ஹோம் மேட்ச் அன்று சாயங்காலம் நாலரை மணிக்கே ஆபீஸில் இருப்புக் கொள்ளாது. இதை விசுவாசம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் மனைவி வீம்பு என்றுதான் சொல்கிறாள்.

2014-இல் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தும் அதில் ஆட எங்கள் கிளப்பும் தொடங்கிய முதல் சீசனிலிருந்து போகிறேன். வீடு பெரம்பூர். லோக்கல் ரயிலில் மூர் மார்க்கெட் வந்து இறங்கி, ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி நடந்தால் ஸ்டேடியம். முதல் இரண்டு வருடம் உள்ளே நுழைவதே திருவிழாக் கூட்டத்தில் நுழைகிற மாதிரி இருந்தது. பாதிப் பேர் கிளப்பின் உரிமையாளர்களில் இருவரான தோனியும் அபிஷேக் பச்சனும் வருவார்களா என்று பார்க்க வந்தவர்கள் என்பது அப்போது புரியவில்லை. அவர்கள் நின்ற பிறகுதான் கூட்டத்தின் உண்மையான அளவு தெரிந்தது.

காலி ஸ்டேடியத்தில் என்ன இருக்கிறது என்றால், முதலில் சத்தம் இருக்கிறது. எங்கள் ஸ்டேடியத்தில் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் ஓடுகிறது. அதனால் ஆட்டக்காரர்கள் தள்ளித்தான் தெரிவார்கள். கூட்டம் நிறைந்த நாளில் ஒன்றும் கேட்காது, பொதுவாக ஓர் இரைச்சல்தான். கூட்டம் இல்லாத நாளில் கோல்கீப்பர் தன் டிஃபெண்டர்களைத் திட்டுவது கேட்கும். கோச் கத்துவது கேட்கும். பந்தை உதைக்கும் ‘டப்’ கால் பட்டு ஒரு கணம் கழித்து வந்து சேரும். நாம் கத்துவதும் அவர்களுக்குக் கேட்கிறது என்பதுதான் இதில் முக்கியம். நிறைந்த ஸ்டேடியத்தில் நான் கத்தாவிட்டால் யாருக்கும் தெரியாது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்டில் நாலு பேர் வாயை மூடிக்கொண்டால் பாட்டே படுத்துவிடும்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள எங்கள் ‘மைக்செட்’ அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஸ்டேடியங்களில் பாட்டும் கோஷமும் தொடங்கி வைப்பவரைக் கேப்போ என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வேலையைப் பல வருடம் பார்த்தவர் வியாசர்பாடிக்காரர். மைக்கும் கிடையாது, செட்டும் கிடையாது, தொண்டை மட்டும்தான். ஸ்டாண்டின் அடியில் இருக்கும் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி நிற்பார். அதாவது மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தொண்ணூறு நிமிடமும் அப்படியே. டிக்கெட் எடுத்து உள்ளே வந்து மேட்சைப் பார்க்காத ஒரே ஆள்.

நாங்கள் கோல் வாங்கினால் அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் முகத்தைப் பார்த்துத்தான். எங்கள் வாய் பாதிப் பாட்டில் நிற்கும், ஒருத்தர் தலையில் கை வைப்பார், டிரம் அடிக்கிற பையனின் குச்சி அந்தரத்தில் நிற்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு விநாடி கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் டிரம்காரனைப் பார்த்துத் தாடையை ஆட்டுவார். மறுபடி ஆரம்பிக்கும். இந்த இடைவெளிதான், கோல் வாங்கியதற்கும் முதல் டிரம் அடி விழுவதற்கும் நடுவில் வரும் அந்தச் சில விநாடிதான், நல்ல கூட்டத்துக்கும் சும்மா கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, திட்டுவது. விசுவாசம் என்றால் அணியைத் திட்டவே கூடாது என்று சிலர் பாடம் எடுக்கிறார்கள். அவர்கள் எங்கள் வரிசைக்கு வந்ததில்லை. எனக்கு முன்னால் உட்காரும் பெரியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூர் பக்கம் மைதானங்களில் காலம் காலமாக ஃபுட்பால் பார்த்தவர். அவர் வாயிலிருந்து வரும் சொற்களை இங்கே எழுத முடியாது. கண்ணியமானது ஒன்றே ஒன்று: “டேய், பந்தை அவன்கிட்ட குடுக்கிறதுக்கா உன்னை ஃப்ளைட்ல கூட்டினு வந்தாங்க?” ஒருநாள் என் நண்பன் ஒருவன் முதல்முறையாகக் கூட வந்தான். பெரியவரின் பேச்சில் உற்சாகமாகி, அவனும் அதே டிஃபெண்டரை அதே மாதிரி ஒரு வார்த்தை சொன்னான். பெரியவர் மெதுவாகத் திரும்பினார். “தம்பி எத்தினி மேட்ச் வந்துகிறே?” “இதுதாங்க முதல்.” “அப்ப நீ சும்மா இரு. நாங்க பார்த்துக்கிறோம்.” நண்பன் அதற்குப் பிறகு சமோசா மட்டும்தான் சாப்பிட்டான்.

இதற்கு மேல் விசுவாசத்துக்கு எனக்கு விளக்கம் தெரியாது. திட்டுகிற உரிமையும் சீசன் டிக்கெட் மாதிரிதான், சம்பாதிக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில், அவர்கள் ஊரிலேயே, பெங்களூரு எஃப்சியை 3-2 என்று வென்று சென்னையின் எஃப்சி தன் இரண்டாவது ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கியது. மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. ஆறே மாதம். அடுத்த சீசன் 18 ஆட்டம், வென்றது 2, டிரா 3, தோல்வி 13. மொத்தம் 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது இடம். அதே கோச் ஜான் கிரகரிதான், முக்கியமான பல ஆட்டக்காரர்களும் அவர்களேதான். என்ன ஆனது என்று இன்றைக்கும் எங்கள் வரிசையில் ஒத்த கருத்து கிடையாது.

அந்த 2018-19 சீசனில் இன்னொரு வேடிக்கை. சென்னை சிட்டி எஃப்சி என்று ஒரு பழைய கிளப், கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகின் பட்டத்தை வென்றது. மறுநாள் ஆபீஸில் ஒருவர் கையைக் குலுக்கினார்: “சார், உங்க டீம் கப் அடிச்சிடுச்சாமே!” எங்கள் டீம் கடைசி, கப் அடித்தது வேறு டீம் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

தோல்வியை விடக் கஷ்டமான ஒன்று உண்டு. அதை இங்கிலாந்துக் கால்பந்தை மட்டும் டிவியில் பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. அங்கே அடிமட்டத்தில் இருந்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். அந்தப் பயமே ஸ்டேடியத்தை நிரப்பும். இறங்கிவிட்டாலும் மறுபடி ஏறுகிற கதை ஒன்று கிடைக்கும். சண்டர்லாண்ட் அடுத்தடுத்து இரண்டு முறை இறங்கி மூன்றாவது டிவிஷனில் கிடந்தபோது, 2018 டிசம்பர் 26 அன்று அவர்கள் மேட்சுக்கு வந்த கூட்டம் 46,039. எங்கள் சோக சீசனும் அதே சீசன்தான். ஆனால் அப்போது ஐஎஸ்எல்லில் இறக்கம் என்பதே இல்லை. கடைசி இடத்துக்கு ஒரு தண்டனையும் கிடையாது. ஜனவரியில் பிளே-ஆஃப் என்கிற கடைசிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு போய்விட்டால், மிச்ச ஆட்டங்கள் தேர்வு முடிந்த பிறகு நடத்துகிற வகுப்பு மாதிரி. அந்த மேட்சுகளுக்கு வருகிறவர்கள்தான் கணக்கில் சேர்த்தி என்பது மைக்செட் அண்ணனின் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வாரக் கூலிக்காரருக்கும் தாம்பரம் தாண்டி வீடு இருப்பவருக்கும் வேலை நாளில் ஏழரை மணி மேட்ச் என்றால் வீடு திரும்ப நள்ளிரவாகும். வராதவரை எல்லாம் துரோகி ஆக்கக் கூடாது.

கேரளா பிளாஸ்டர்ஸ் வரும் நாள் மட்டும் ஸ்டேடியம் நிறையும். அன்றைக்கும் எங்களால் இல்லை. சென்னையில் வேலை பார்க்கிற, படிக்கிற மலையாளிகள் மஞ்சள் சட்டையில் வந்து இறங்கிவிடுவார்கள். நாங்கள் நன்றாக ஆடுகிற சீசனில் இது ஜாலி. 2020 பிப்ரவரியில் கொச்சிக்கே போய் 6-3 என்று அடித்தபோது ஒரு மாதம் நாங்கள் தரையில் நடக்கவில்லை. தோற்கிற சீசனில் சொந்த ஸ்டேடியத்திலேயே வெளியூர்க்காரன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் மேல் கோபம் வராது, பொறாமைதான் வரும்.

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013-க்குப் பிறகு லீக் பட்டம் இல்லை, 2024-25-இல் பதினைந்தாவது இடம். என் தம்பி அந்தக் கட்சி. ராத்திரி ஒன்றரை மணி வரை விழித்திருந்து தோற்கிறான். ஆனால் அவன் அணிக்கு அவன் இருப்பது தெரியாது. என் கீப்பருக்கு எங்கள் பெரியவரின் குரல் தெரியும், பந்தயம் கட்டுகிறேன்.

அணி திணறும்போது நம் ஊர்ப் பையன் ஒருவன் களத்தில் இருந்தால் விஷயமே வேறு, இதையும் சொல்லியாக வேண்டும். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் நடுக்களத்தில் ஆடிய காலத்தில், அந்த ஏரியாவிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்கு ஸ்கோர் இரண்டாம் பட்சம். சென்னைப் பையன் நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் மேல் கோல் அடித்து, அந்த ஊரின் இரண்டு பரம எதிரிகள் மோதும் டெர்பியை வென்று கொடுத்தபோது, கொல்கத்தா கொண்டாடியது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெருமையும் வயிற்றெரிச்சலும் பாதிப் பாதி. கிளப் நடத்துகிறவர்கள் இதை எப்போதாவது யோசிக்க வேண்டும்.

கூட்டமே இல்லாத ஃபுட்பாலையும் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் 14 இறுதி ஆட்டம் கொரோனாவால் கோவாவில் பூட்டிய ஸ்டேடியத்தில் நடந்தது, கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். அடுத்த இரண்டு சீசனும் கோவாவிலேயே, ஸ்டாண்டில் ஆள் இல்லாமல். 2022 அக்டோபரில் பெரியமேட்டுக்கு ஆட்டம் திரும்பியபோது, அதே இருக்கையின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார் பெரியவர். 2025-இல் லீக் நடக்குமா நடக்காதா என்றே தெரியாமல் கிளப்புகள் வேலையை நிறுத்தி வைத்தன. தோற்பதற்காவது ஒரு மேட்ச் வேண்டும் என்று அப்போது தோன்றியது.

சரி, 2018-19 சோக சீசனில் கிடைத்த அந்த இரண்டு வெற்றியில் ஒன்றைப் பற்றி. முதலாவது புனேயில் கிடைத்தது, நான் டிவியில் பார்த்தேன். இரண்டாவது 2019 பிப்ரவரியில், எங்கள் ஸ்டேடியத்தில், அதே பெங்களூருவோடு. அவர்கள் அப்போது பட்டியலில் முதல் இடம், நாங்கள் கடைசி. அந்த சீசன் பட்டமும் அவர்களுக்குத்தான் போனது. அன்றைக்கு வந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். சீசன் முழுக்க லீகில் கோலே அடிக்காமல் தவித்த எங்கள் ஜேஜே முதல் பாதியில் அடித்தான். பத்து நிமிடத்தில் கிரகரி நெல்சன் இன்னொன்று. டிரம்காரப் பையன் குச்சியை மேலே எறிந்து, அது ஒரு வரிசை தள்ளி ஒருவர் தலையில் விழுந்தது. அவரே அதை எடுத்து முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்தார். இடைவேளைக்குப் பிறகு பெங்களூருவின் சுனில் சேத்ரி ஒன்று போட்டதும் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைந்தது. மிச்ச அரை மணி நேரமும் பெரியவர் யாரையும் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. 2-1 என்று முடிந்தது. பட்டியலில் எங்கள் இடம் மாறவில்லை.

திரும்பும்போது மூர் மார்க்கெட்டில் எங்கள் கூட்டம் ஏழெட்டுப் பேர் ஒரே பெட்டியில் ஏறினோம். மைக்செட் அண்ணனுக்குத் தொண்டை சுத்தமாகப் போயிருந்தது. சைகையில்தான் பேசினார். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது என் தோளைத் தட்டி, காற்று மாதிரி ஒரு குரலில் கேட்டார், “ரெண்டாவது கோல் எந்தக் கால்ல அட்ச்சான்?”

நான் வலது என்றேன். எதிர் சீட்டுப் பையன் இடது என்றான். டிரம்காரன், கோல் விழும்போது நான் டிரம்மைத்தான் பார்த்தேன் என்றான். போனில் பார்க்கலாம் என்றால் ஒருத்தரிடமும் சார்ஜ் இல்லை. நான் எழுந்து நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கசக்கிய சமோசாக் காகிதத்தைப் பந்தாக வைத்து, அவன் எப்படி வந்தான் என்று ஆடிக்காட்ட ஆரம்பித்தேன். அண்ணன் வாசல் பக்கமாக நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாசர்பாடி ஜீவா வந்துவிட்டது. அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன். இறங்கவில்லை.